ஜல்லி கொட்டும் சத்தத்துக்கு இன்னும் ஓடுகிறேன், ஏன்?

அக்கரைப்பேட்டையான்:
என் அப்பாயி 2013-இல் இறந்தார். நினைத்தால் இன்றும் அழுகை வரும். ஆனால் யார் கேட்டாலும் முதலிலிருந்து சொல்வேன்: காபி கேட்டார், நான் ஆற்றிக் கொடுத்தேன், ஒரு வாய் குடித்தார், அப்புறம் பேச்சு நின்றது. சொல்லி முடித்தால் மனசு லேசாகும்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அப்படி இல்லை. அப்போது எனக்கு 11 வயது. ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் வரிசையே கிடையாது. கறுப்புத் தண்ணீர், வாயில் சேறும் டீசலும், விரலில் இறுகிக் கிடக்கும் நூல். எது முன்னே, எது பின்னே என்று தெரியவில்லை. போன வாரம் எங்கள் தெருவில் லாரி ஜல்லி கொட்டியது. நினைவு வந்தபோது மொட்டைமாடியில் நிற்கிறேன். கீழேயிருந்து மகள் "அப்பா, என்னாச்சு?" என்கிறாள். இரண்டுமே துக்கம்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

தேனருவி:
தம்பி, நான் மனநல ஆலோசகர். மூளையிலேயே இரண்டும் வேறு மாதிரி பதிகிறதாகத் தெரிகிறது. அமெரிக்காவின் யேல், மவுன்ட் சினாய் ஆய்வாளர்கள் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனப் பாதிப்பு) உள்ள 28 பேருக்கு அவரவர் அனுபவத்தையே படித்துக் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். 2023-இல் நேச்சர் நியூரோசயன்ஸ் இதழில் வந்தது. நினைவுகளை ஒழுங்குபடுத்தும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் இயக்கம், ஒரே மாதிரியான சோகக் கதைகளுக்கு ஆளுக்கு ஆள் ஒத்துப்போனது. அதிர்ச்சிக் கதைகளில் அந்த ஒற்றுமை காணாமல் போனது. உங்கள் அப்பாயி மறைவு நடந்து முடிந்த நினைவு. ஜல்லிச் சத்தத்தில் உங்கள் உடம்பு மறுபடி அந்தக் கரையில்தான் நின்றிருக்கிறது. தனியாகக் கிளறாதீர்கள். 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

உப்பளத்துப் பொண்ணு:
அண்ணே, எனக்கு ஈரத் தார்ப்பாய் வாசனை. டாக்டர் வாரா வாரம் அதே காலையைச் சொல்லச் சொன்னார். முதலில் தூக்கமே கெட்டது, நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஐந்தாவது வாரம்தான் என் வாயில் 'அப்புறம்' என்ற சொல்லே வந்தது.

அக்கரைப்பேட்டையான்:
தங்கச்சி, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நேற்று மனைவியிடம் ஆரம்பித்தேன். நூல் சுற்றினேன். அப்புறம் சித்தப்பா எழுந்து கடலைப் பார்த்தார். அதுவரைதான் வந்தது. அக்கா, வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.