சமையலறை மின் இணைப்பு: எத்தனை தனி சர்க்யூட் தேவை?

நண்பர்களுக்கு வணக்கம். பதினெட்டு ஆண்டுகள் பழைமையான எங்கள் வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கும் வேளையில், வயரிங் குறித்து அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை நாடுகிறேன்.

தற்போது அங்குள்ள எல்லா பிளக் பாயிண்டுகளும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில், ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழ் வருகின்றன. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு, 1500 வாட் கெட்டில், 1200 வாட் மைக்ரோவேவ் ஆகிய மூன்றும் காலை நேரத்தில் ஒன்றாக ஓடினால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கின்றன, எனவே எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. மிக்ஸியையும் கிரைண்டரையும் இதில் நான் கணக்கிடவேயில்லை.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், வயரை மாற்றாமல் 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிடலாம் என்கிறார். எம்.சி.பி. காப்பது முதலில் சுவருக்குள் இருக்கும் வயரைத்தானே, அதைப் பெரிதாக்கினால் எம்.சி.பி. விழுவதற்கு முன்பே வயர் சூடாகிவிடாதா என்பதே என் தயக்கம்.

இண்டக்ஷனுக்கும் மைக்ரோவேவுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனித்தனி சர்க்யூட் இழுப்பது போதுமா, கெட்டிலுக்கும் மூன்றாவதாக ஒன்று வேண்டுமா? ஒரு பவர் சர்க்யூட்டில் எத்தனை 16 ஆம்பியர் பிளக்குகள் வரை இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 732 அனுமதிக்கிறது? மேலும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகிலுள்ள பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடும்போது, நாங்கள் ஊரில் இல்லாத நாளில் அது விழுந்து பொருட்கள் கெட்டுவிடாதபடி பிரிட்ஜுக்குத் தனி ஆர்.சி.சி.பி. வைப்பது வழக்கமா? சுவர்ப்பூச்சு வேலை தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், விரைந்து பதிலளித்தால் நன்றியுடையவனாவேன்.