கமிட் உரிமையை நாலு பேருக்குக் கொடுத்துவிடலாமா?

தனிமரம்: லாக் ஃபைல்களைப் பிரித்துப் படிக்கும் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. ஆறு வருஷமாக நான் ஒருத்தன்தான் பார்க்கிறேன். போன மாதம் பத்து நாள் காய்ச்சலில் படுத்தேன். எழுந்து பார்த்தால் 41 புல் ரிக்வெஸ்ட், அதாவது சேர்க்கச் சொல்லி மற்றவர்கள் அனுப்பிய மாற்றங்கள். ஒன்றின் கீழே, "இந்த ப்ராஜெக்ட் செத்துப்போச்சா?" என்று கேள்வி வேறு. அடிக்கடி பேட்ச் (திருத்தம்) அனுப்பும் நாலு பேருக்கு மெர்ஜ் (மாற்றங்களைக் கோடில் சேர்ப்பது, அதாவது கமிட்), ரிலீஸ் (புதுப் பதிப்பை வெளியிடுவது) இரண்டு உரிமையையும் கொடுத்துவிட நினைக்கிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?

கரிச்சான்: உண்டு. களைத்துப்போன நேரத்தில் சாவியைக் கைமாற்றாதீர்கள். ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் கோடுகளின் பொதுக் கிடங்கு) பேக்கேஜை எழுதியவர் அப்படித்தான், மெயில் போட்டுக் கேட்ட ஒருவரிடம் ஒப்படைத்தார். 2018-ல் அந்தப் புது ஆள் உள்ளே சேர்த்த துணை பேக்கேஜ் ஒரு பிட்காயின் வாலட்டைக் குறிவைத்தது. எக்ஸ்-இசட் யூட்டில்ஸ் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் 2024-ல் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தவரும் இரண்டு வருஷம் ஒழுங்காகப் பேட்ச் அனுப்பி நல்ல பேர் வாங்கியவர்தான்.

அரைத்தூக்கம்: எக்ஸ்-இசட்டைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. அதைப் பராமரிச்ச லாஸ்ஸே காலின் தனியா மாட்டிக்கிட்டதாலதான் அது நடந்துச்சு. 2022-ல முன்பின் தெரியாத பேர்கள்ல மெயில் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஏன் இவ்வளவு மெதுவு, வேற ஆளைப் போடுங்கன்னு. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலைன்னு அவர் பதில் எழுதினார். கூட ரெண்டு பேர் இருந்திருந்தா அந்த நச்சரிப்புக்கு மசிஞ்சு அந்த ஆளுக்கு உரிமை கொடுத்திருப்பாரா?

கரிச்சான்: ஆள் கூடினால் போதும் என்கிறீர்கள். நான் இருந்த ஒரு ப்ராஜெக்டில் ஏழு பேருக்குக் கமிட் உரிமை. பாதுகாப்புக் குறை பற்றி வந்த ஒரு மெயில் ஐந்து வாரம் அப்படியே கிடந்தது. ஏழு பேருமே படித்திருந்தோம். வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று ஏழு பேருமே சும்மா இருந்தோம். நானும்தான்.

பழைய பெருங்காயம்: ரெண்டு பேரும் வேலையையும் சாவியையும் ஒரே மூட்டையாக் கட்டுறீங்க. எக்ஸ்-இசட்ல விஷம் சோதனை ஃபைல்ங்கிற பேர்ல கிட்லயே (எல்லாரும் பார்க்கிற கோட் களஞ்சியம்) இருந்துச்சு. ஆனா அதை எடுத்து ஓடவிடுற எம்4 ஸ்கிரிப்ட் (மென்பொருளைக் கட்டும்போது ஓடுற சின்ன நிரல்) ரிலீஸ் டார்பால்ல (வெளியிடுற சுருக்கின தொகுப்பு) மட்டும்தான். கிட்டை மட்டும் எத்தனை பேர் ரிவியூ பண்ணியிருந்தாலும் அது கண்ணுல பட்டிருக்காது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள நுழையற வழி) லாகின் அரை விநாடி இழுக்குதேன்னு ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட்ங்கிற டெவலப்பர் தோண்டப்போய்தான் வெளிய வந்துச்சு.

அதனால மெர்ஜை நாலு பேருக்குக் கொடுங்க. ரிலீஸை யார் லேப்டாப்லயும் செய்யாதீங்க. பதிப்புக்கு டேக் (அடையாளப் பேர்) போட்டா சிஐ (தானா கட்டிச் சோதிக்கிற சர்வர்) கட்டட்டும், ரெண்டு பேர் ஒப்புதல் தரட்டும். இந்த வாரம் வர்ற இஷ்யூவுக்கு (புகாருக்கு) இன்னார்னு பேர் எழுதி வைங்க, ஏழு பேர் கதை நடக்காது. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கர்னலோட மெயின்டெய்னர்ஸ் (பராமரிப்பாளர்கள்) ஃபைல்ல ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் பேர் இருக்கும். ஆள் இல்லாத பகுதிக்கு 'அநாதை'ன்னே போட்டிருப்பாங்க, கூச்சமே படாம. எனக்கு அந்த ஃபைல் மேல ஒரு மரியாதை.

அரைத்தூக்கம்: சும்மா வந்து செய்யறவனுக்கு ட்யூட்டி சார்ட்டா? அடுத்த மாசம் ஒருத்தனும் இருக்க மாட்டான்.

பழைய பெருங்காயம்: 'இந்த வாரம் முடியாது'ன்னு ஒரு வரி போட்டா போதும், மாத்திக்கலாம். சொல்லாம காணாமப் போறதுதான் தொல்லை.

தனிமரம்: நாலு பேரையும் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் மெர்ஜுக்குச் சரி என்றார்கள். ஒருவர் டாகுமென்டேஷன் மட்டும் பார்ப்பாராம். நாலாமவரிடமிருந்து பதிலே இல்லை. ரிலீஸ் உரிமை வேண்டுமென்று யாருமே கேட்கவில்லை. நான்தான் அதைப் பெரிய பரிசு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன் போல. முதல் வாரம் என் முறை. சிஐயை மாத இறுதிக்குள் முடிக்கிறேன்.

கரிச்சான்: அந்த இரண்டு பேருக்கும் எதிர்ப்பில்லை. ஆனால் ரிலீஸுக்கு இரண்டாவது ஒப்புதல் யார் தருவது?

தனிமரம்: பெருங்காயம் அண்ணே, நீங்க?

பழைய பெருங்காயம்: மூணு மாசம் தர்றேன். அதுக்கு மேல பதில் வரலைன்னா என் பேருக்கு நேரா 'அநாதை'ன்னு போட்டுடுங்க.