உப்பா, வெளியே வாவா? ஸ்பானிஷ் ஏவல் குழப்பம்

சமையற்கட்டான்:
மாட்ரிட்டில் ஓர் உணவகத்தில் வேலை. ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு ஐந்து மாதம். நேற்று சாமான் அறைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். தலைமைச் சமையல்காரர் கதவைத் திறந்து "சால்!" என்று கத்தினார். பதறிப்போய் உப்புப் பையை நீட்டினேன். அவர் சொன்னது "வெளியே வா".

பேசு என்பதற்கு 'ஆப்லா', சாப்பிடு என்பதற்கு 'கோமே'. 'அவன் பேசுகிறான்', 'சாப்பிடுகிறான்' என்பதற்கும் அதே சொற்கள்தான். அந்தக் கணக்கில், தட்டு கழுவும் பையனிடம் "போனே" என்றேன், இங்கே வை என்ற எண்ணத்தில். "யார் வைக்கிறார்?" என்று திருப்பிக் கேட்கிறான்! 'போன்' என்று சொல்ல வேண்டுமாம். இப்படி இன்னும் எத்தனை இருக்கின்றன?

பழைய மாணவி:
எட்டுதான், பயப்படாதீர்கள். தி (சொல்), ஆஸ் (செய்), பே (போ), போன் (வை), சால் (வெளியே வா), சே (இரு), தென் (வைத்துக்கொள்), பென் (வா). 'பே' மட்டும் கொஞ்சம் வம்பு: 'பார்' என்பதற்கும் அதேதான். நாமும் 'வருகிறாய்' என்றுவிட்டு 'வரு' என்றா ஏவுகிறோம்? 'வா' என்கிறோமே! பலரை ஏவும்போது இந்தத் தொல்லையே இல்லை: பொனெத், சலீத், பெனீத்.

சமையற்கட்டான்:
சரி, வீட்டுக்காரப் பாட்டியிடம் 'பென்' என்று சொல்லலாமா?

பழைய மாணவி:
வேண்டாம், அது 'வா'. மரியாதைக்கு 'நான் வருகிறேன்' என்ற சொல்லைப் பிடியுங்கள்: பெங்கோ. கடைசி ஓவை ஆவாக்கினால் பெங்கா. அதேபோல் பொங்கா, தெங்கா. நம் வாங்க, போங்க மாதிரியே 'ங்க' வருகிறதா? தற்செயல்தான், ஆனால் எனக்கு மனதில் நின்றது அப்படித்தான். ஆனால் 'போங்க' இதில் அடங்காது, அது 'பாயா'. காபிக் கடையில் மட்டும் 'போன்மே உன் கஃபே' (எனக்கு ஒரு காபி வை) என்று மரியாதைச் சொல் இல்லாமலே கேட்டால் அங்கே யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தெற்குக்கரை:
நான் இருப்பது புவெனஸ் ஐரிஸில். இங்கே 'நீ' என்பதற்கு 'து' இல்லை, 'வோஸ்'. ஏவலும் வேறு: தெசீ, சலீ, பெனீ. 'போ' என்பதற்கு மட்டும் சம்பந்தமே இல்லாமல் 'அந்தா'. வை என்பதற்கு என்ன தெரியுமா? 'பொனே'! கடைசி எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தப்பு இங்கே கிட்டத்தட்ட சரி.

சமையற்கட்டான்:
அங்கே சமையலறையில் ஆள் தேவையென்றால் சொல்லுங்கள். உப்போடு வருகிறேன்.