நம் தலைக்கு மேலே வந்துபோன காமாக் கதிர் வெடிப்பு: 2022 அக்டோபர் 9 மாலையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கரூர் ஆசிரியர் எழுதுகிறார்:

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. எங்கள் பள்ளி வானியல் மன்றத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் என் வீட்டு மொட்டைமாடியில் கூடியிருந்தார்கள். சனியின் வளையத்தையும் வியாழனின் நிலாக்களையும் காட்டுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என்னிடம் இருப்பது எட்டு அங்குலத் தொலைநோக்கி. அதைத் தாங்கும் மோட்டார் பீடம் வானத்தில் எதையும் தானாகத் தேடிப் போக வேண்டுமென்றால், முதலில் ஓரிரு விண்மீன்களை அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். அக்டோபர் முன்மாலையில் நான் வழக்கமாகத் தேர்வு செய்பவை அபிஜித்தும் திருவோணமும் ஆகும். மணி ஆறே முக்கால் ஆனபோது நான் திருவோணத்தைப் பார்வைவட்டத்தின் நடுவில் நிறுத்த முயன்றுகொண்டிருந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது, ஏனெனில் தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கின, பிள்ளைகள் அதைக் கண்டு சலித்துக்கொண்டார்கள்.

அதே நேரத்தில், இந்திய நேரம் 6 மணி 47 நிமிடத்தில், அந்த இரண்டு விண்மீன்களுக்கும் இடைப்பட்ட பகுதியில், திருவோணத்திலிருந்து ஏறத்தாழ 14 பாகை தொலைவில், அம்பு என்று பெயர் கொண்ட சிறிய விண்மீன் குழுவின் திசையிலிருந்து, மனிதர்கள் இதுவரை பதிவு செய்தவற்றுள் மிகப் பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பின் கதிர்கள் பூமியை வந்தடைந்தன. ஜிஆர்பி 221009ஏ என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். பெரிய விண்மீன் ஒன்று தன் வாழ்நாள் முடிவில் வெடிக்கும்போது ஒடுங்கிய பீச்சாகப் பாய்ந்துவரும் காமாக் கதிர்களே இத்தகைய வெடிப்பு. மும்பைக்கு மேற்கே அரபிக்கடலில் ஒரு கப்பலில் நின்றிருந்தவருக்கு அது நேர் உச்சியில் இருந்திருக்கும். கரூரில் நின்றிருந்த எங்களுக்கு உச்சியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பாகைதான் விலகியிருந்தது. வளிமண்டலம் காமாக் கதிர்களை முழுதும் தடுத்துவிடுவதால் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நாங்கள் சனியைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, எட்டரை மணிக்குத் தொலைநோக்கியை மூடிவைத்தோம்.

இதில் என்னை இன்றுவரை வருத்துவது 6:47 அல்ல. அந்த நேரத்தில் எவராலும் எதுவும் செய்திருக்க முடியாது. எனக்கு வருத்தம் 7:40 மணியைப் பற்றியதுதான். வெடிப்பு வந்தபோது நாசாவின் சுவிஃப்ட் செயற்கைக்கோளுக்கும் அதற்கும் நடுவே பூமி மறைத்து நின்றது. 53 நிமிடங்கள் கழித்து, மறைவிலிருந்து வெளிவந்த சுவிஃப்ட், வானில் புதிதாக ஓர் எக்ஸ் கதிர் மூலம் ஒளிர்வதைக் கண்டு தானே திரும்பி நோக்கி, அதன் துல்லியமான இடத்தை உலகுக்கு அறிவித்தது. பால்வழியின் தளத்துக்கு மிக அருகில் இருந்ததாலும், ஒரு வெடிப்பின் எச்சம் அவ்வளவு நேரம் கழித்து அவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று எவரும் எதிர்பாராததாலும், அது நம் பால்வழியிலேயே உள்ள ஏதோ ஒரு மூலம் என்று முதலில் கருதினார்கள். அதற்கு இட்ட பெயர்கூட, வான் ஆயங்களைக் கொண்டு அமைந்த சுவிஃப்ட் ஜே1913.1+1946 என்பதுதான். நாசாவின் காமாக் கதிர்ச் செயற்கைக்கோளான ஃபெர்மி 6:47க்குப் பதிவு செய்ததும் சுவிஃப்ட் 7:40க்குக் கண்டதும் ஒன்றே என்பது சில மணி நேரம் கழித்தே உறுதியானது. அந்த முதல் அறிவிப்பு வந்தபோது என் தொலைநோக்கி மாடியில் திறந்தே இருந்தது. அந்த இடமும் நள்ளிரவு வரை அடிவானத்துக்கு மேலேதான் இருந்தது. வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியான பின்னொளி அப்போது பதினாறு, பதினேழாம் பொலிவெண் அளவில் இருந்தது (பொலிவெண் கூடக்கூட ஒளி மங்கல்). என் கேமராவுக்கு எட்டக்கூடிய தூரம்தான். ஆனால், இத்தகைய வெடிப்புகளை உலகெங்கும் உடனுக்குடன் தெரிவிக்கும் ஜிசிஎன் வலையமைப்பின் அறிவிப்புகளைப் பெற நான் பதிந்துவைத்திருக்கவில்லை.

செய்தி எனக்குத் திங்கள் மாலை தெரிந்தது. அன்றிரவு மேகங்களுக்கு இடையே கிடைத்த இடைவெளியில் ஒரு நிமிட வீதம் 45 படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்தேன். தேய்பிறை முதல் நாள் நிலா வானத்தை வெளுக்க வைத்திருந்தது. சேர்த்த படத்தில் 17.3 பொலிவெண் வரையுள்ள விண்மீன்கள் தெரிந்தன. குறித்த இடத்தில் எதுவும் இல்லை. அதற்குள் பின்னொளி அந்த அளவுக்குக் கீழே மங்கிப் போயிருந்தது. இதில் நிலாவை மட்டும் குறை சொல்ல முடியாது; அந்தத் திசையில் நம் பால்வழியின் தூசி கண்ணுறு ஒளியை ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. சிவப்பு வடிகட்டி ஒன்று கையில் இருந்திருந்தால் தூசியையும் நிலாவொளியையும் ஓரளவு வென்றிருக்கலாம்.

எதுவும் பதிவாகாத அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. அன்றைய மாலையில் உங்களுக்கு ஏற்பட்ட அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து எழுதுகிறேன்:

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜேர்மனியில் முப்பது வருடங்களாக வாழ்பவன். என்னிடம் தொலைகாட்டி இல்லை. மரச்சட்டத்தில் நானே செப்புக் கம்பி சுற்றிச் செய்த ஒரு சதுர அன்டெனாவும் பழைய கணினி ஒன்றும் மட்டுமே உண்டு. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பக் கடற்படைகள் பயன்படுத்தும் மிகத்தாழ் மீடிறன் வானொலி அலைகளை, அதாவது இருபது கிலோஹேட்ஸை ஒட்டிய அலைகளை, இந்த அன்டெனா இரவு பகலாகப் பதிவு செய்கிறது. அந்த அலைகள் தரைக்கும், வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயன மண்டலத்தின் அடிப்பகுதிக்கும் இடையே தெறித்துத் தெறித்துத்தான் என்னிடம் வருகின்றன. ஆகவே சூரியனில் ஒரு கிளர்வு ஏற்பட்டு, அதன் எக்ஸ் கதிர் அந்த அடிப்பகுதியைக் கூடுதலாக அயனாக்கினால், என் வரைபில் உடனே ஒரு மேடு எழும். சூரியக் கிளர்வுகளை எண்ணுவதற்காகவே இதைச் செய்துவைத்தேன்.

அன்று இங்கே பிற்பகல் மூன்றேகால் மணி. மாலையில் வரைபைத் திறந்தபோது, 3:20ஐ ஒட்டிய நேரத்தில் செங்குத்தாக ஒரு பாய்ச்சல் இருந்தது. சூரியக் கிளர்வு எழும்போது சில நிமிடங்கள் எடுத்து ஏறி, சுறாவின் முதுகுத் துடுப்புப்போல மெதுவாகச் சரியும். இது அப்படி ஏறவில்லை. சூரியனைக் கண்காணிக்கும் கோஸ் செய்மதியின் எக்ஸ் கதிர் வரைபைப் போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில் அதற்கு ஈடான கிளர்வு எதுவும் சூரியனில் இல்லை. பக்கத்து வீட்டில் ஏதாவது மின்சாதனத்தைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்து, குறிப்பேட்டில் “உள்ளூர் இரைச்சல்” என்று எழுதிவைத்தேன். இரண்டு நாட்களின் பின், ஐரோப்பாவில் வேறு பலருடைய கருவிகளிலும் அதே நேரத்தில் அதே பாய்ச்சல் பதிவாகியிருப்பதை அறிந்த பிறகுதான் அந்த வரியை வெட்டினேன்.

சூரிய மண்டலத்துக்கு வெளியே, வேறொரு பேரடையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நம் வளிமண்டலத்தின் மேற்பகுதியை அசைத்துவிட்டுப் போனதை, என் மரச்சட்டத்தில் சுற்றிய கம்பி உணர்ந்திருக்கிறது. 1983இல் ஒரு வெடிப்பும், 2004 டிசம்பர் 27இல் நம் பால்வழியிலேயே உள்ள ஒரு காந்த விண்மீனின் பெருங்கிளர்வும் இப்படி அயன மண்டலத்தைக் குழப்பியதுண்டு. 2022இல் ஏற்பட்ட குழப்பம் தணியச் சில மணித்தியாலங்கள் ஆகின. இந்தியாவில் மின்னலைக் கண்டறியும் கருவிகளே இதைப் பதிந்ததாக ஐரோப்பிய விண்வெளி முகமை சொன்னது.

ஐயாவிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நீங்கள் 6:47 என்று எழுதியிருக்கிறீர்கள். என் வரைபின் பாய்ச்சல் அதைவிட மூன்று நான்கு நிமிடங்கள் பிந்தி வருகிறது. என் கணினியின் கடிகாரம் இணையத்தோடு ஒத்திசைந்தே இருந்தது. இந்த வேறுபாடு ஏன் என்பதை யாராவது விளக்குவீர்களா?

ஆய்வு மாணவி (பெங்களூரு) எழுதுகிறார்:

அண்ணா, உங்கள் கடிகாரத்தில் பிழை இல்லை. உலகப் பொது நேரம் 13:17:00க்கு வந்தது ஒரு முன் துடிப்பு மட்டுமே. ஃபெர்மியின் கருவி அதைக் கண்டுதான் விழித்துக்கொண்டது. அதன்பின் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தன. உண்மையான வெடிப்பு 13:20:45 வாக்கில், அதாவது இந்திய நேரம் 6 மணி 50 நிமிடம் 45 நொடியை ஒட்டித்தான் வந்தது. உங்கள் அன்டெனா உணர்ந்தது அதைத்தான்.

அந்த நாட்களில் நான் முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் இருந்தேன். இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் தரவில் காமா வெடிப்புகளைத் தேடுவது எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி வேலை. ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள காட்மியம் துத்தநாக டெல்லுரைடுக் கருவி வானில் ஒரு சிறு பகுதியை மட்டும் நோக்குவதற்காகச் செய்யப்பட்டது. ஆனால் நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள கதிர்களுக்கு அதன் பக்கச் சுவர்கள் ஏறத்தாழக் கண்ணாடி போல ஆகிவிடுவதால், எந்தத் திசையிலிருந்து வரும் வெடிப்பும் அதில் பதியக்கூடும். தரவு உடனுக்குடன் கிடைக்காது. செயற்கைக்கோள் தரைநிலையத்துக்கு மேலே வரும்போதுதான் இறங்கும். வழக்கமாக நான் தேடும் வெடிப்புகள் பின்னணி இரைச்சலில் ஒரு சின்ன முள்போலத் தெரியும். அது முள்தானா என்று முடிவு செய்யவே அரைநாள் ஆகும். அன்றைய வரைபடம் திரையில் வந்தபோது பின்னணியே தெரியவில்லை. வெடிப்பின் உயரத்துக்கு ஏற்ப அச்சு தன்னை விரித்துக்கொண்டதால், மற்ற எல்லாம் அடியில் ஒரு தட்டையான கோடாகிவிட்டிருந்தன. நிரலில் பிழை செய்துவிட்டேன் என்று எண்ணி மூன்று முறை மீண்டும் இயக்கினேன்.

பெரிய கருவிகளுக்கு வேறுவிதமான சிக்கல் இருந்தது. ஃபெர்மியின் உணரிகள் உச்ச நேரத்தில் வெள்ளமாக வந்த ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, எண்ண முடியாமல் திணறிவிட்டன. ஆகவே உண்மையான உச்சத்தை அறிய, அப்போது திணறாமல் அளந்த சீனாவின் ஜிகாம்-சி விண்கருவி போன்றவற்றின் பதிவுகள் தேவைப்பட்டன. இவ்வளவு பிரகாசமான ஒன்று பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பூமியை வந்தடையலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தற்செயலாக ஃபெர்மி குழுவினரின் பத்தாவது கருத்தரங்கு அந்த வாரம்தான் ஜோகன்னஸ்பர்க்கில் கூடியிருந்தது.

தரையிலிருந்து கிடைத்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 4,400 மீட்டர் உயரத்தில் பரந்துகிடக்கும் லாசோ ஆய்வகத்தின் பதிவு. வெடிப்பு அதன் வானிலேயே நிகழ்ந்ததால், முதல் 3,000 நொடிகளில் 0.2 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட 64,000 ஃபோட்டான்களை, அவை காற்றில் மோதி உண்டாக்கிய துகள் பொழிவின் வழியே, அது பிடித்தது. அந்த ஒளி எழுந்து அடங்கிய விதத்திலிருந்து, பீச்சு எவ்வளவு ஒடுக்கமானது என்று கணக்கிட்டார்கள். அதன் அரைக்கோணம் 0.8 பாகைதான். அத்தனை மெல்லிய ஒளிக்கற்றை, 190 கோடி ஆண்டுகள் பயணித்து, நம்மை நோக்கியே வந்திருக்கிறது. அந்தத் தூரம் சிலியில் உள்ள ஐரோப்பியரின் மிகப்பெரும் தொலைநோக்கி அளந்த 0.151 என்ற செம்பெயர்ச்சியிலிருந்து, அதாவது பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்பை நோக்கி நீண்ட அளவிலிருந்து, கிடைத்தது.

ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் படத்தை மறைத்த அதே தூசி, எக்ஸ் கதிர்களைச் சற்றே சிதறடித்து, வெடிப்பின் இடத்தைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் வளையங்களை உண்டாக்கியது. ஐரோப்பாவின் எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியான எக்ஸ்எம்எம்-நியூட்டன் அவற்றில் இருபதை எண்ணியது. ஒவ்வொரு வளையமும் ஒரு தூசி மேகம். வளையம் விரியும் வேகம் அந்த மேகத்தின் தூரத்தைச் சொல்லிவிடும். ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டிலிருந்து அறுபதாயிரம் ஒளியாண்டு வரை, பால்வழியின் குறுக்கே அடுக்கி வைத்ததுபோல் அவை கிடக்கின்றன.

சேலத்துப் பயணி எழுதுகிறார்:

நான் அந்த வாரம் லடாக்கில் ஹான்லே கிராமத்தில் தங்கியிருந்தேன். நிலவொளியில் குன்றின் மேலிருந்த வானாய்வுக் கூடத்தின் குவிமாடங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. பௌர்ணமியில் வந்து பால்வழியைப் படமெடுக்க முடியாமல் போயிற்றே என்று எனக்கு மனக்குறை. அதே குன்றிலுள்ள 0.7 மீட்டர் குரோத்-இந்தியா தொலைநோக்கி இந்த வெடிப்பின் பின்னொளியைப் பதிவு செய்தது என்பதைச் சேலம் திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான் படித்தேன். ஆய்வாளர்களுக்கும் எனக்கும் அன்று மேலே இருந்தது ஒரே நிலாதான்.

கரூர் ஆசிரியர் மீண்டும் எழுதுகிறார்:

ஸ்டுட்கார்ட் நண்பருக்கும், பெங்களூரு மாணவிக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேட்டில் வெட்டிய அந்த வரியைப் படம்பிடித்து இங்கே போட முடியுமானால் என் மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

வெடித்த விண்மீனின் சூப்பர்நோவாவைத் தேடியவர்களுக்கும் தூசி பெரிய தடையாக இருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்து, பின்னொளி போதிய அளவு மங்கியபின் அகச்சிவப்பில் அதைக் கண்டது. வெடிப்பு அவ்வளவு பிரகாசமானதாக இருந்தும், சூப்பர்நோவா மிகச் சாதாரணமானதாகவே இருந்தது. பொன், பிளாட்டினம் போன்ற கன தனிமங்கள் உருவானதற்கான தடயமும் அதில் கிடைக்கவில்லை.

ஜிசிஎன் அறிவிப்புகள் இப்போது என் கைபேசிக்கு வருகின்றன. எட்டு அங்குலத் தொலைநோக்கிக்கு எட்டும் வெடிப்புகள் மிகக் குறைவு, அவற்றிலும் பாதி பகலிலோ அடிவானத்துக்குக் கீழேயோ போய்விடுகின்றன. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஆயங்களை வரைபடத்தில் குறித்துப் பார்க்கிறேன்.

மாணவி சொன்ன நேரத்தைப் படித்தபின் பழைய கைபேசியை எடுத்துத் தேடினேன். அன்று மாடியில் எடுத்த படங்கள் ஏழு இருந்தன. இத்தனை நாள் 6:47ஐயே மனத்தில் வைத்திருந்ததால் அவற்றை நான் பார்க்கவே இல்லை. நான்காவது படத்தில், எங்கள் மன்றத்திலேயே சிறியவளான ஆறாம் வகுப்புப் பிள்ளை, வரிசையில் தன் முறை இன்னும் வராததால், தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து வெறுங்கண்ணால் உச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தில் பதிவாகியிருக்கும் நேரம் மாலை 6:50.