தண்ணீர்த் தொட்டி மாட்டியதிலிருந்து கேம்பர் டிரெய்லர் வால் ஆட்டுகிறது

கேள்வி:

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், உள்ளே தங்கக்கூடிய ஒற்றை அச்சு டிரெய்லர். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி எடை மேடையில் நிறுத்தினால் 820 கிலோ. தரைக்கு அடியில் பின்பக்கமாக 70 லிட்டர் தொட்டியும், பின்பெட்டியில் 25 கிலோ ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரியும் மாட்டிய பிறகு, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினாலே ஆட ஆரம்பிக்கிறது. லாரி முந்திப் போனால் இன்னும் மோசம். டயர் காற்று, பேரிங் இரண்டும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கின்றன. ஆட்டத்தை அடக்கும் ஸ்வே பார் வாங்கி மாட்டினால் தீருமா?

அச்சிலிருந்து கப்ளர் (காரோடு கோக்கும் முனை) 3.2 மீட்டர் முன்னால். தொட்டியின் நடு 1.2 மீட்டர் பின்னால், பேட்டரி 1.5 மீட்டர் பின்னால்.

பதில் 1:

ஸ்வே பாருக்கு இப்போது காசு போடாதீர்கள். எடை தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பார் அதைக் கொஞ்ச தூரத்துக்கு மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

முதலில் கப்ளர் டோ பால் (காரின் பின்னால் இருக்கும் கொக்கிக் குண்டு) மேல் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து பாருங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். உங்கள் டிரெய்லருக்கு 82 முதல் 123 கிலோ. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, உடல் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்திக் கப்ளரை அதன் மேல் இறக்குங்கள். டோ பால் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் கப்ளர் நிற்க வேண்டும். ஜாக்கி சக்கரத்தை (நிறுத்தும்போது டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு சக்கரம்) மெஷினில் வைத்து அளக்காதீர்கள். அது அச்சுக்குக் கிட்டே இருப்பதால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

கணக்கு நெம்புகோல் கணக்குதான். தண்ணீர் 70 கிலோ × 1.2 ÷ 3.2 = 26 கிலோ. தொட்டி நிரம்பும்போது கப்ளரில் அவ்வளவு குறைகிறது. தொட்டியை அச்சுக்கு நேர் மேலே கொண்டு வந்தால் அந்த 26 திரும்பக் கிடைக்கும். பேட்டரியையும் முன்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அதுவரை ஓட்டும்போது ஆடினால்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். கார் பிரேக்கை அழுத்தவே கூடாது. பின்னால் இருப்பது தள்ளிக்கொண்டு வந்து மடக்கிவிடும். டிரெய்லருக்குத் தனி மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் கொடுங்கள்.

கேட்டவர்:

அளந்தேன். தொட்டி நிறைய இருக்கும்போது கப்ளரில் வெறும் 45 கிலோ. ஜாக்கி சக்கரத்தில் 51 காட்டியது, நீங்கள் சொன்னது சரி. முன்பெட்டி அச்சிலிருந்து 2.6 மீட்டர். அங்கே பேட்டரியை வைத்தால் 25 × 4.1 ÷ 3.2 = 32 கூடும். 45 + 26 + 32 = 103. ஆனால் என் டோ பாரில் (காரில் டோ பாலைத் தாங்கும் சட்டம்) 100 கிலோதான் என்று அச்சிட்டிருக்கிறது.

பதில் 2:

அப்படியானால் 103 கூடவே கூடாது. அச்சிட்ட வரம்புதான் முதலில், 10 சதவீத விதியெல்லாம் அதற்குப் பிறகுதான். இன்னொன்று, கேஸ் சிலிண்டர் முன்பெட்டியில்தானே இருக்கும்? அதே பெட்டியில் பேட்டரியை வைக்கக் கூடாது. கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் பெட்டியின் அடியில் தேங்கும், பேட்டரி முனையில் ஒரு பொறி போதும்.

உள்ளே இருக்கைக்கு அடியில், அச்சுக்கு 0.3 மீட்டர் முன்னால் வையுங்கள். 25 × 1.8 ÷ 3.2 = 14. மொத்தம் 45 + 26 + 14 = 85 கிலோ, அதாவது 10.4 சதவீதம். வரம்புக்குள்ளும் இருக்கிறது.

இன்னும் பெரிய லாபம் ஒன்று உண்டு. கனமானவை இரண்டு முனைகளில் இருந்தால், தராசு சமமாக நின்றாலும், ஒரு முறை ஆட ஆரம்பித்த டிரெய்லர் லேசில் அடங்காது. அதனால்தான் பின்பக்கச் சுமையை ஈடுகட்ட முன்னால் இன்னொரு சுமையை ஏற்றுவது தப்பு. எல்லாவற்றையும் நடுவுக்கு இழுங்கள். தொட்டி அச்சுக்கு மேலே இருந்தால் தண்ணீர் தீரத் தீரக் கப்ளர் எடை மாறவும் மாறாது. காலித் தொட்டியோடு 750 கிலோ, அப்போதும் 85தான். 11 சதவீதம் சொச்சம்.

உள்ளே தடுப்பு இல்லாத தொட்டி என்றால் நிரப்பிக்கொண்டு போங்கள், இல்லை காலியாகப் போங்கள். அரைத்தொட்டித் தண்ணீர் வளைவில் பக்கத்துக்குப் பக்கம் அலை அடிக்கும். தொட்டியின் பட்டையைச் சட்டத்தில் போல்ட் போடுங்கள், பலகையில் வேண்டாம்.

பதில் 3:

பேட்டரியை மாற்றும்போதே வயரையும் பார்த்துவிடுங்கள். 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (காரின் மின்சாரத்தில் டிரெய்லர் பேட்டரியை ஏற்றும் கருவி) காரிலிருந்து சுமார் 24 ஆம்பியர் இழுக்கும். கார் பேட்டரியிலிருந்து அங்கே 8 மீட்டர் என்றால் போக வர 16. 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டரில் 0.4தான். உறையோடு சேர்த்த விட்டத்தைச் சொல்லி '6 மில்லிமீட்டர்' என்று விற்பதும் உண்டு, செம்பின் பரப்பைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும், இரு பக்கமும் பேட்டரி இருக்கிறதல்லவா. இருக்கைக்கு அடியில் ஏஜிஎம் என்பதால் பெட்டியிலிருந்து வெளியே ஒரு காற்றுக்குழாயும் போட்டுவிடுங்கள்.