பிரெஞ்சு நிகழ்கால வினை: காதுக்கு எல்லாம் 'பார்ல்', தாளில் ஆளுக்கொரு விகுதி. எப்படிச் சமாளிப்பது?

தூலூஸ் மருமகள்:
வணக்கம். சொந்த ஊர் திருச்சி. கணவரின் வேலைக்காகப் பிரான்ஸில் உள்ள தூலூஸ் வந்து, மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கிறேன். என் போனில் பிரெஞ்சு எழுத்து அடிக்க வராது. அதனால் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'பார்லே' (பேசுதல்) மாதிரி இ-ஆர் என்று முடிகிற வினைகள்தான் ரொம்பச் சுலபம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். கடைசி இ-ஆரை வெட்டிவிட்டு இந்த விகுதிகளை ஒட்டினால் போதுமாம்:

ழெ பார்ல் (நான்): இ
த்யூ பார்ல் (நீ): இ-எஸ்
இல், எல் பார்ல் (அவன், அவள்): இ
நூ பார்லோன் (நாங்கள்): ஓ-என்-எஸ்
வூ பார்லே (நீங்கள்): இ-இசட்
இல், எல் பார்ல் (அவர்கள்): இ-என்-டி

மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் டிக்டேஷன் வைத்தால் மாட்டிக்கொள்கிறேன். 'லேஸான்ஃபான் ரெகார்த் லா தேலே' (குழந்தைகள் டிவி பார்க்கிறார்கள்) என்று படித்தார்கள். கேட்டபடி 'ரெகார்த்'துக்கு வெறும் இ போட்டேன், சிவப்பு மையால் இ-என்-டி என்று திருத்தி வந்தது. காதில் விழாததை எப்படி எழுதுவது?

இன்னொன்று. 'நான் தூலூஸில் வசிக்கிறேன்' என்பதற்கு 'ழெ ஸ்வி ஆபித் ஆ தூலூஸ்' என்று எழுதினேன். 'ஸ்வி'யை அடித்துவிட்டார்கள். ஏன்?

கோடையிடி:
இ-என்-டி வந்தால் 'ஆன்' என்று படிக்க வேண்டும் சிஸ்டர். மோமான் (தருணம்), அபார்த்மான் (அடுக்கு வீடு) எல்லாம் அப்படித்தானே? 'இல் பார்லான்' என்று சொல்லிப் பழகுங்கள், பன்மை தானாகத் தெரிந்துவிடும்.

புதுவை வாத்தியார்:
தம்பி, அது பெயர்ச்சொல்லுக்கு. வினையின் பன்மை விகுதியாக வரும் இ-என்-டி முழு ஊமை. 'இல் பார்லான்' என்றால் யாருக்கும் புரியாது. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே இதற்கென்று ஒரு வாக்கியம் உண்டு: 'லே பூல் த்யூ கூவான் கூவ்.' மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று பொருள். எழுதிப் பார்த்தால் 'கூவான்', 'கூவ்' இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. மடம் என்ற பெயர்ச்சொல்லில் 'ஆன்' ஒலிக்கிறது, அடைகாத்தல் என்ற வினையில் அதே இ-என்-டி வாயே திறப்பதில்லை.

மருமகளம்மாவுக்கு. நீங்கள் தமிழ்க் காதோடு பிரெஞ்சு கேட்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். தமிழில் 'பேசுகிறேன்', 'பேசுகிறாய்', 'பேசுகிறான்' என்று விகுதியே ஆளைக் காட்டிவிடும். 'நான்', 'நீ' இல்லாவிட்டாலும் குறை இல்லை. பிரெஞ்சில் அந்த வேலையை விகுதி தாளில்தான் செய்கிறது. பேச்சில் ஆறில் நான்கு இடத்தில் அதே 'பார்ல்'தான், நூ, வூ இரண்டில்தான் வாலின் சத்தம் கேட்கும். ஆகவே ஆள் யார் என்று காது தெரிந்துகொள்வது வினைக்கு முன்னால் நிற்கிற சொல்லிலிருந்து. ஏவல் வாக்கியம் தவிர மற்ற இடங்களில் அந்தச் சொல்லை விடவே முடியாததும் அதனால்தான்.

டிக்டேஷனில் வினைக்காகக் காத்திருக்காதீர்கள், அதற்கு முன்பே விடை வந்துவிடும். 'லேஸான்ஃபான்' என்றார்களே, அந்த 'லே' பன்மை. ஒரு குழந்தை என்றால் 'லான்ஃபான்' என்று வந்திருக்கும். 'லே', 'மே', 'தே' போன்ற பன்மைச் சொல் காதில் விழுந்ததுமே ஓரத்தில் இ-என்-டி என்று குறித்துவிடுங்கள், பிறகு வினையைக் கேளுங்கள்.

வினை உயிரெழுத்தில் தொடங்கினால் இன்னும் வசதி. 'இலேம்' என்றால் அவன் நேசிக்கிறான், 'இல்ஸேம்' என்றால் அவர்கள். நடுவில் வருகிற அந்த ஸ் (ஆங்கில இசட் ஒலி) பன்மையின் எஸ் விழித்துக்கொண்டது. ஆனால் 'இல் பார்ல்' என்று தனியாக ஒரு வாக்கியம் கேட்டால் ஒருமையா பன்மையா என்று பிரெஞ்சுக்காரருக்கே தெரியாது. முன்பின் வாக்கியம்தான் துணை.

'ஸ்வி' விஷயம்: அது ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. 'ஐ ஆம் லிவிங்' என்பதில் உள்ள 'ஆம்' பிரெஞ்சு நிகழ்காலத்துக்குத் தேவையில்லை. வசிக்கிறேன், வசித்துக்கொண்டிருக்கிறேன் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆபித் உயிரொலியில் தொடங்குவதால் 'ழெ'யின் இ உதிர்ந்து, மேற்கமா போட்டு, 'ழாபித் ஆ தூலூஸ்' என்று ஆகும். இந்த நிமிடம் செய்துகொண்டே இருக்கிறேன் என்று அழுத்திச் சொல்லத்தான் 'ழெ ஸ்வி ஆன் த்ரேன் தெ' என்று ஒரு நீட்டல் உண்டு. இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

வடமராட்சியான்:
தங்கச்சி, நான் பாரிஸுக்குப் பக்கத்தில், லா கூர்நெவ்வில் இருக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்னது எழுத்துக்கு. தெருவில் இறங்கினால் இன்னும் சுகம். 'நாங்கள்' என்பதற்கு இங்கே ஒருவரும் லேசில் 'நூ' சொல்வதில்லை, 'ஓன்'தான். 'ஓன் பார்ல்', 'ஓன் மான்ழ்', 'ஓன் ரெகார்த்'. விகுதி அவன், அவளுக்கு உரிய அதே இ. ஆக, பேச்சில் 'வூ' ஒன்றுதான் வேறு மாதிரி ஒலிக்கும். கடையில், ப்ரெஃபெக்த்யூரில் (விசா அட்டை வேலைகளுக்குப் போகிற அரசு அலுவலகம்), பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அந்த 'வூ'தான் வேண்டும், அதைச் சரியாகப் பழகுங்கோ. முன்பின் தெரியாத ஆளிடம் 'த்யூ' போட்டால் முகம் மாறிவிடும்.

தூலூஸ் மருமகள்:
ஐயா, அண்ணா, ரொம்ப நன்றி. 'லே' கேட்டதும் குறித்துக்கொள்வது நல்ல வழி. ஆனால் 'வூ பார்லே'யும் அகராதியில் இருக்கிற 'பார்லே'யும் ஒரே மாதிரி ஒலிக்கிறதே? எப்போது இ-இசட், எப்போது இ-ஆர்?

இரண்டு பிள்ளைக்காரி:
இதற்கு நான் சொல்கிறேன். என் மகளுக்கு இங்கே பள்ளியில் சொல்லிக்கொடுத்த தந்திரம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'வான்த்ர்' (விற்றல்) என்ற வினையை வைத்துப் பாருங்கள். பொருள் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒலிதான் முக்கியம்.

'ழெ வெ பார்லே' (பேச விரும்புகிறேன்): இங்கே 'ழெ வெ வான்த்ர்' என்றுதான் வரும், எனவே இ-ஆர்.
'வூ பார்லே': 'வூ வான்தே', எனவே இ-இசட்.
'ழே பார்லே' (பேசினேன்): 'ழே வான்த்யூ', அப்படியானால் கடைசியில் மேலே கோடு போட்ட இ மட்டும்.

'பார்லே'யில் மூன்றும் ஒரே ஒலி, 'வான்த்ர்'ரில் மூன்றும் வேறு வேறு. பெரிய பிரெஞ்சுக்காரர்களே இதில் தப்பு விடுவதை வாட்ஸாப்பில் தினம் பார்க்கிறேன்.

கோடையிடி:
சரி, 'ஆன்' விஷயத்தை விட்டுவிட்டேன் ஐயா. அப்படியானால் மற்ற வினைகளிலும் ஒருமையும் பன்மையும் ஒரே ஒலிதானா?

புதுவை வாத்தியார்:
இல்லை. ஐ-ஆர், ஆர்-இ வகைகளில் பெரும்பாலும் காது பிழைத்துக்கொள்ளும். 'இல் ஃபினி' (முடிக்கிறான்), 'இல் ஃபினிஸ்' (முடிக்கிறார்கள்). 'இல் வான்' (விற்கிறான்), 'இல் வான்த்' (விற்கிறார்கள்). சுலபம் என்று பெயர் வாங்கிய இ-ஆர் வகைதான் இதில் ஏமாற்றுகிறது. பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது இந்த வகை என்பதால் தப்பிக்கவும் வழியில்லை. 'ஆலே' (போதல்) மட்டும் இ-ஆரில் முடிந்தாலும் இந்தக் கூட்டத்தில் சேராது, அதைத் தனியாகப் படியுங்கள்.

தூலூஸ் மருமகள்:
கடைசியாக ஒன்று. புத்தகத்தில் 'நூ மான்ழோன்' (சாப்பிடுகிறோம்) என்பதில் ஓ-என்-எஸுக்கு முன் ஒரு இ கூடுதலாக இருக்கிறது. அச்சுப் பிழையா? 'ஆஷ்தே' (வாங்குதல்) வினையிலும் சில இடத்தில் மேலே கோடு, சில இடத்தில் இல்லை.

புதுவை வாத்தியார்:
பிழை இல்லையம்மா. ஜி எழுத்துக்குப் பின் ஓ வந்தால் ஒலி 'கோ' ஆகிவிடும், 'மான்கோன்' என்று படிக்க நேரும். 'ழ' ஒலியைக் காப்பாற்ற அந்த இ. இதே காரணத்துக்காக 'நூ கொமான்ஸோன்' (தொடங்குகிறோம்) என்பதில் சி-யின் அடியில் ஒரு வால் போடுவார்கள்.

'ஆஷ்தே'யில் எந்த இடத்தில் விகுதி ஒலிக்கவில்லையோ அந்த இடத்தில்தான் கோடு. ழெ, த்யூ, இல், பன்மை இல் நான்கிலும் 'ஆஷேத்' என்று நடு இ ஓங்கி ஒலிக்கும், அங்கே கோடு. 'நூ ஆஷ்தோன்', 'வூ ஆஷ்தே' இரண்டிலும் விகுதி பேசுகிறது, நடு இ அடங்கிவிடுகிறது, கோடு இல்லை. சில வினைகள் கோட்டுக்குப் பதிலாக மெய்யை இரட்டிக்கும். முதல் நாள் வகுப்பில் 'ழெ மாபேல்' என்று பெயர் சொன்னீர்கள் அல்லவா, அதில் இரண்டு எல். அதே வினையை 'வூ வூஸாப்லே' (உங்கள் பெயர்) என்று எழுதும்போது ஒரே எல்.