'போலி வைரஸ்' வேண்டாம், 'வைரஸ்நிகர் துகள்' என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழ ஈயின் டிஎன்ஏவில் தன்னை நகலெடுத்துப் பரப்பிக்கொள்ளும் துண்டு ஒன்று உண்டு, பெயர் கோபியா (copia). அது ஈயின் செல்லுக்குள் கட்டும், வைரஸ் போன்ற துகள்களுக்கு (virus-like particle) நம் கலைச்சொல் பட்டியலுக்காகக் குடியாத்தம் ஐயா 'போலி வைரஸ்' என்ற சொல்லை முன்வைத்திருக்கிறார். சுருக்கமான சொல்தான், ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கோபியா தன் ஆர்என்ஏவைச் சுற்றி உண்மையாகவே ஒரு புரதக் கூட்டைக் கட்டுகிறது. அந்த ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ செய்யும் வேலையும் கூட்டுக்குள் நடக்கிறது. எச்ஐவி செய்வதும் இதைத்தான். 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சோதித்துத்தானே அந்த வைரஸ் இந்தியாவில் இருப்பதை முதன்முதலில் கண்டார்கள்! எச்ஐவி போல ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ செய்யும் ரெட்ரோவைரஸ் இந்த ஊருக்கு அந்நியம் இல்லை. கோபியாவிடம் இல்லாதது, செல்லைவிட்டு வெளியேறி அடுத்த செல்லைத் தொற்ற உதவும் உறைப்புரதம். அது இல்லை என்பதற்காகப் 'போலி' என்றால் மற்ற வேலையெல்லாம் மறைந்துபோகும்.

காட்பாடி அம்மா சொன்ன 'வெற்றுக்கூடு' கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்குச் சரி. அதில் இருப்பது மரபுப்பொருள் இல்லாத வெறும் புரதக் கூடுதான். கோபியாவின் கூட்டிலோ ஆர்என்ஏ இருக்கிறது, 1983லேயே அதைக் காட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் பொருந்துவது 'வைரஸ்நிகர் துகள்'. 'மெய்நிகர்' பழகிவிட்டதால் 'நிகர்' யாருக்கும் இடறாது.

இப்போது கோபியாவின் கூட்டை ஈயின் சினைப்பைத் திசுவிலேயே வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுக்கிறார்கள். செல்லை உடைத்துத் துகளைப் பிரித்தெடுத்தால், அது செல்லின் உட்கருவுக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்பது தெரியாமல் போய்விடும். அதனால் திசுவை நீர் பனிப்படிகமாக மாற நேரம் தராமல் உறையவைக்கிறார்கள். அப்புறம் அயனிக் கற்றையால் சுமார் 150 நானோமீட்டர் தகடாகச் செதுக்குகிறார்கள், அதைவிட மிகவும் தடித்தால் எலக்ட்ரான்கள் ஊடுருவாது. தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து முப்பரிமாணமாக்குகிறார்கள். ஒற்றைத் துகளின் படம் மங்கலாகத்தான் இருக்கும், பல துகள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால்தான் கூட்டின் அமைப்பு துலங்கும். இப்படிச் சாய்த்துச் சாய்த்து எடுக்கும் படங்களைச் 'சாய்வுப் படவரிசை' என்றும், அயனிக் கற்றை செதுக்கியதைச் 'செதுக்குத்தகடு' என்றும் எழுதலாம்.

இன்னொன்று. கோபியா போன்ற டிஎன்ஏ துண்டுகளுக்குப் பொதுப்பெயர் ரெட்ரோடிரான்ஸ்போசான்; அதற்கு 'இடமாறி' என்று பட்டியலில் இருப்பதை மாற்ற வேண்டும். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதன் நகல்தான் வேறிடத்தில் போய்ப் பதிகிறது. மல்லிகைக் கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போட்டால் தாய்ச்செடி அங்கேயே நிற்கும் அல்லவா, அதுபோலத்தான். ஆகவே 'படிப்பதியன்' என்பது என் முன்மொழிவு, இங்கே 'படி' என்றால் நகல். வெட்டிக்கொண்டு நகரும் டிஎன்ஏ டிரான்ஸ்போசானுக்கு 'இடமாறி' இருக்கட்டும், அங்கே அது பொருத்தமான சொல்.

'படிப்பதியன்' பள்ளிப் பிள்ளைகள் வாயில் எப்படி வருகிறது என்று வகுப்பெடுப்பவர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். 'படி'யைப் படிப்பு என்று எடுத்துக்கொண்டு குழம்பினால் 'நகற்பதியன்' என்றே வைத்துக்கொள்ளலாம்.